சோற்றுக்குப் போட்ட பூட்டு

புதுவயல்

அன்புப் பேத்திக்கு,

கோலாலம்பூரில் எல்லாரும் ஐசி கார்டும் கையுமாகவே இருக்கிறார்களே, ஏன் ஐயா என்று கேட்டிருந்தாய். 1948இல் காட்டுக் கம்யூனிஸ்டையும் ஊர்க்காரனையும் பிரித்தறிய வெள்ளைக்காரன் கொண்டுவந்த அட்டை அது, ஆத்தா. பன்னிரண்டு வயதானவர்களுக்கெல்லாம் படமும் கைரேகையும் பதித்துக் கொடுத்தான்.

அந்த வருஷம் ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். பெரும்பாலும் கதையை இங்கிருந்துதான் தொடங்குவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தி, அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தை ஒடுக்கும் வேலை அதற்கு முன்பே ஆரம்பமாகிவிட்டது. அதன் தலைவர் எஸ்.ஏ.கணபதி தஞ்சாவூர்ச் சீமைத் தம்பிக்கோட்டைக்காரர். நேதாஜி படையில் இருந்தவர். துப்பாக்கி வைத்திருந்தார் என்று பிடித்து, நேரு சர்க்கார் மன்றாடியும் கேளாமல், 1949 மே 4ஆம் தேதி புடு ஜெயிலில் தூக்கிலிட்டார்கள். முந்தின நாள்தான் இன்னொரு சங்கத் தலைவர் வீரசேனன் சுடப்பட்டு இறந்தார். அந்த ஜெயிலை இடித்த இடத்தில்தான் இப்போது லாலாபோர்ட் கடைவளாகம் நிற்கிறது.

நம்மவர்கள் எந்தப் பக்கம் என்பாய். கடல் கடந்து கொண்டுவிக்கப் போன செட்டியார்கள் ரப்பர் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தவர்கள்; கடன் திரும்பாதபோது தோட்டத்தையே எடுத்துக்கொண்டவர்கள். கூலியை உயர்த்து என்கிற சங்கம் அவர்களுக்கு இனிக்குமா? அவர்கள் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கிகளில் கணபதிக்காக யாரும் உலை வைக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

ரைஸ் மில்லிலேயே காலம் தள்ளியவன் நான். எனக்கு நெஞ்சில் தைப்பது அரிசிச் சங்கதிதான். காட்டில் இருப்பவனுக்கு அரிசி ஊரிலிருந்துதான் போயாக வேண்டும். அந்த வழியை அடைக்க 1950இல் ஜெனரல் பிரிக்ஸ் ஒரு திட்டம் போட்டார். காட்டோரம் பயிர் வைத்துப் பிழைத்த சீனர் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரைப் பெயர்த்து, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் அடைத்தார்கள். சிதறிக் கிடந்த தோட்டத் தொழிலாளர் லயங்களையும் ஒன்றுசேர்த்து வேலி கட்டினார்கள். பால் வெட்டப் போகிற பெண்பிள்ளையும் வாசலில் சோதனைக்கு நின்றாள். கடையில் சாப்பாட்டு டின்னை விற்கும்போதே, சேர்த்துவைத்துக் காட்டுக்கு அனுப்ப முடியாதபடி ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். சில இடங்களில் வீட்டுக்கு அரிசியே கிடையாது. பொது அடுப்பில் ஆக்கிய சோறுதான். அரிசி மாசக்கணக்கில் தாங்கும், அந்த வெக்கையில் சோறு மறுநாளே ஊசிவிடும். இதை யோசித்தவன் கெட்டிக்காரன்தான். அவன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிம் பக்கம் கம்யூனிஸ்டுகள் பதுங்கியிருந்து தாக்கியதில் 12 பேர் செத்தார்கள். புதிதாக வந்த ஹைகமிஷனர் டெம்ப்ளர் நேரே போய் அந்த ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிவைத்துத் திட்டினார். நாளுக்கு 22 மணி நேரம் ஊரடங்கு, அரிசிப் பங்கும் குறைப்பு. சுட்டவன் காட்டில், பட்டினி ஊருக்கு.

ஆனால் சோற்றைப் பூட்டித்தான் ஜெயித்தார்கள் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதே. 1957 ஆகஸ்டில் சுதந்திரம் வந்ததும், வெள்ளைக்காரனை விரட்டவே ஆயுதம் எடுத்தோம் என்ற பேச்சுக்கு ஊரில் ஆள் குறைந்துபோனது. அவசரகாலத்தை 1960 ஜூலை 31இல் விலக்கிக்கொண்டது சுதந்திர மலாயா சர்க்கார்தான்.

அன்புடன்,
ஐயா