பாலை எங்கே உள்ளது?

ஐந்திணை வகுத்த மரபில் வந்த நாம், எந்நிலத்தைக் கண்டாலும் அதன் திணை யாதெனத் தேடுகிறோம். இந்திய நில அளவைத் துறை முற்காலத்தில் வெளியிட்ட தலப்படம் ஒன்றைக் கண்ணுற்றபோதும் அந்த எண்ணமே எழுந்தது. ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறிக்கும் அளவில், நாம் வாழும் கோபர்கைரனேப் பகுதியைக் காட்டும் படம் அது.

கிழக்கே பார்சிக் குன்றில் பழுப்பு நிறச் சம உயரக் கோடுகள் நெருங்கிக் கிடக்கின்றன, அது குறிஞ்சி. கோடுகள் விலகி ஓய்ந்த சமவெளியில் வயல்கள், அது மருதம். மேற்கே உப்பளமும் தாணேக் கடற்கழியும்; அது நெய்தல். நாம் வாழும் அடுக்ககங்கள் மட்டும் அதில் இல்லை.

இவ்வளவைப் பணிக்கு நம் மண்ணோடு தொடர்புண்டு. 1802-இல் லாம்டன் தம் பெரும் முக்கோண அளவைக்கு அடிக்கோடு அளந்தது சென்னைப் பரங்கிமலை அருகேதான். நூறாண்டு கழித்து, 1902-இல், அமெரிக்காவின் வறண்ட கொலராடோ ஆற்றுப் பெரும்பள்ளத்தாக்கைப் படமாக்கத் தொடங்கினார் மத்தேஸ் என்பார். 50 அடி உயரத்திற்கு ஒன்றாக அவர் இட்ட கோடுகள், செங்குத்துப் பாறைகளில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். பாலை என்றால் இதுவன்றோ என்று தோன்றும்.

ஆயினும் நம் மரபில் பாலையின் உரிப்பொருள் பிரிவு. பொருள் தேடிப் பிரிந்து வந்தவர் நாம்; மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தங்கிப் பின் வாஷிப் பாலம் கடந்து இங்கே குடியேறியவர் நம்மில் பலர். ஊரை விட்டு எங்கும் செல்லாமலே பிரிவுற்றோரும் இங்குண்டு. 1970-இல் சிட்கோ நிறுவனம் தோன்ற, புதிய நகருக்கென 95 சிற்றூர்களின் நிலம் குறிக்கப்பட்டது. ஆக்ரி, கோலி மக்களின் வயலும் உப்பளமும் கைமாறின. 1984 ஜனவரியில், உரிய ஈடு கேட்டு உரண் வட்டாரத்தில் போராடியோருள் ஐவர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். கொண்ட நிலத்தில் 12.5 விழுக்காட்டை மேம்படுத்தித் திருப்பித் தரும் திட்டம் அதன் பின்னரே வந்தது.

சொந்த ஊர் எதுவெனக் கேட்டால் நெல்லை என்றும் தஞ்சை என்றும் சொல்ல நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். நன்று. அவர்கள் விளையாடும் திடல் எவர் வயலாயிருந்தது என்பதையும் அவர்கள் அறிதல் வேண்டும். பழைய தலப்படம் ஒன்றைச் சங்கக் கூடத்தில் விரித்து வைப்போம். பக்கத்துச் சிற்றூர்ப் பெரியவர் ஒருவரை அழைத்து, அங்கிருந்த வயல்களின் பெயர்களைச் சொல்லக் கேட்போம். பிரிவின் துயர் தெரிந்த நமக்கு அது பொருத்தமான கடமை.