அளவு மாறாத இரும்புக் குதிரை

தம்மம்பட்டியில் ‘வாகனம்’ என்று சொன்னால் இரண்டு அர்த்தம். ஒன்று, ரோட்டில் ஓடுவது. இன்னொன்று, சிற்பப் பட்டறையில் வாகை மரத்திலிருந்து எழுந்து நிற்கிற குதிரை, யாளி, சிம்மம். கொல்லிமலைக்கும் பச்சமலைக்கும் நடுவே இருக்கிற இந்த ஊரின் மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

சிற்பிக்கு முதல் பாடம், அளவு. முகத்தின் நீளத்தை ஒரு தாளம் என்று வைத்துக்கொண்டு, உடம்பு எத்தனை தாளம், கை எத்தனை தாளம் என்று கணக்குப் போட்டுத்தான் உளி வைப்பார்கள். மரம் மாறலாம், உளி மாறலாம். அளவு மாறினால் சாமி, சாமியாக இருக்காது.

இந்தக் கண்ணோடு பார்த்தால், ரோட்டில் ஓடுகிற வாகனத்திலும் அப்படி ஒன்று உண்டு. புல்லட்!

திருவொற்றியூருக்கு வந்த கதை

‘ராயல் என்ஃபீல்டு’ பிறந்தது இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில். முதல் மோட்டார் சைக்கிள் 1901-ல் வந்தது. ‘புல்லட்’ என்ற பெயர் 1930-களின் தொடக்கத்தில் சூட்டப்பட்டது. இன்று நாம் பார்க்கிற புல்லட்டின் உருவம் வந்தது 1949-ல். பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த 350 சிசி வண்டி அது. அதுவரை பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரம் ஃபிரேமோடு இறுகிக் கிடந்தது. பள்ளத்தில் விழுந்தால் முதுகெலும்புதான் வாங்கிக்கொள்ளும்.

எல்லைக் காவலுக்கு முரட்டு வண்டி தேடிய இந்திய ராணுவம் 1950-களில் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் ‘மெட்ராஸ் மோட்டார்ஸ்’ நிறுவனமும் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’வைத் தொடங்கின. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வரும்; இங்கே பூட்டுவார்கள். அடுத்த சில வருடங்களில் எல்லாப் பாகங்களும் திருவொற்றியூரிலேயே தயாராகின. 1970 வாக்கில் இங்கிலாந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. அங்கே செத்துப்போன வண்டி, சென்னையில் உயிரோடு இருந்தது. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. தாய்வீட்டுக்குச் சீர் கொண்டுபோன மகள் மாதிரி!

70-க்கு 90

‘டுப்... டுப்...’ என்ற அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? ஒரே சிலிண்டர். அதன் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். அகலம் குறைவு, நடை நீளம். கூடவே கனமான ஃபிளைவீல். இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு முறைதான் வெடிக்கும். அதனால் அவசரமில்லாமல், ஒவ்வொரு வெடியும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாகப் போனாலும் திணறாமல் இழுக்கிற பலமும் இந்த நீள நடையிலிருந்து வருவதுதான்.

முகப்பு விளக்கையும் ஸ்பீடோமீட்டரையும் ஒரே கூட்டில் அடக்கி, இரண்டு பக்கமும் குட்டிக் கண்கள்போல விளக்கு வைத்தது 1954 வாக்கில். நீர்த்துளி வடிவ டேங்க், அதில் கையால் இழுத்த தங்கக் கோடு, நிமிர்ந்து நிற்கிற இன்ஜின். இருட்டில் வெறும் நிழல் தெரிந்தாலே ‘புல்லட்’ என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

முட்டிக்குள் இருக்கும் வித்தை

தம்மம்பட்டியில் ஒரு சிற்பி வீடு. அப்பாவுக்கு அறுபத்தைந்து வயது. 1980-களில் வாங்கிய புல்லட் இன்னமும் பட்டறை ஓரத்தில் நிற்கிறது. ஆத்தூருக்கும் துறையூருக்கும் சிற்பங்களைச் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு போன வண்டி. இப்போது அவருடைய வலது முட்டி தேய்ந்துவிட்டது. உதைக்க முடியவில்லை.

“குடுத்துட்டு செல்ஃப் ஸ்டார்ட் வண்டியா எடுத்துரலாம்ப்பா. பழைய புல்லட்டுக்கு நல்ல வெலை வருது” என்றான் மகன்.

“வண்டியக் குடுத்துரலாம்டா. அதை உதைக்கிற வித்தைய யாருகிட்ட குடுக்கறது?” என்றார் அப்பா.

அவர் சொன்னது வெறும் ஏக்கமில்லை. பழைய புல்லட்டை ஸ்டார்ட் செய்வது நிஜமாகவே ஒரு வித்தை. சாவி போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்ததும் டீகம்ப்ரெஸர் லீவரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை. கணக்குத் தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும். அந்த வீட்டில் அந்த உதை தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

மகன் நண்பனின் புது வண்டியை ஒருநாள் கொண்டு வந்தான். அப்பா ஓட்டிப் பார்த்தார். முச்சந்தியில் நிறுத்த, பழக்கத்தில் இடது காலை அழுத்தினார். வண்டி நிற்கவில்லை, கியர் இறங்கி உறுமியது. பழைய புல்லட்டில் இடது பக்கம் பிரேக், வலது பக்கம் கியர். புதியதில் நேரெதிர். முப்பது வருடப் பழக்கத்தைக் கால் ஒரே நாளில் மறக்குமா? நல்லவேளை, எதிரே யாரும் இல்லை.

உருவம் அதே, உள்ளே வேறு

அந்தக் கால் தடுமாற்றத்துக்குப் பின்னால் நீண்ட மாற்றம் இருக்கிறது. 1994-ல் நிறுவனம் ஐஷர் குழுமத்தோடு இணைந்தது. 2002-ல் ‘தண்டர்பேர்டு’ வந்தது. உயர்ந்த ஹேண்டில்பார், தாழ்ந்த சீட், ஐந்து கியர் என்று நெடுந்தூரம் சாய்ந்து அமர்ந்து போகிற க்ரூஸர் பாணி. 2009-ல் ‘கிளாசிக்’ வந்தது. வெளியே 1950-களின் முகம். உள்ளே இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில். ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் புதுத் தொழிற்சாலைகள் எழுந்தன.

2020 நவம்பரில் தண்டர்பேர்டின் இடத்துக்கு ‘மீட்டியோர் 350’ வந்தது. சீட் உயரம் 765 மில்லிமீட்டர்தான்; குள்ளமானவர்களுக்கும் இரண்டு காலும் தரையில் பதியும். கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், அதிர்வைக் குறைக்கத் தனித் தண்டு, ஏபிஎஸ் பிரேக். முள்ளைப் பார்த்து உதைத்த காலம் போய், குட்டி வட்டத் திரை வழி சொல்கிறது.

ஆனால், சிலிண்டர் அளவைப் பாருங்கள். விட்டம் 72, நடை 85.8 மில்லிமீட்டர். இன்னமும் அகலத்தைவிட நடைதான் நீளம். பழைய புல்லட்டின் சக்தி சுமார் 18 குதிரைத் திறன். இதில் சுமார் 20. இத்தனை வருடத்தில் கூடியது இரண்டே குதிரை! ஓட்டத் தெரியாமல் இல்லை. ஓட வேண்டாம் என்று முடிவு செய்த வண்டி இது. அளவை மாற்றினால் அந்த ‘டுப் டுப்’ இருக்காதே.

கடைசியில் அப்பா புது வண்டிக்குச் சம்மதித்தார். டேங்கை உள்ளங்கையால் தடவி, வளைவை அளந்துவிட்டு, “கை தெரிஞ்சவன்தான் பண்ணிருக்கான்” என்றார். ஒரே ஒரு நிபந்தனை. பழையதை விற்கக் கூடாது. வாரம் ஒருமுறை மகன்தான் உதைக்க வேண்டும். புதியதைக் கடனில் எடுத்தார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை மகன் பதினோரு முறை உதைத்தான். “முள்ளைப் பாரு... இப்ப விடு” என்று அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது.

உருவத்தைக் காப்பாற்ற கம்பெனி இருக்கிறது. அதை எழுப்பத் தெரிந்த காலையும் காதையும் காப்பாற்ற வீட்டு ஆட்களால்தான் முடியும். உங்கள் வீட்டிலும் தார்ப்பாய் போர்த்திய பழைய வண்டி ஒன்று நிற்கிறதா? விலை விசாரிப்பதற்கு முன்னால், அதை ஓட்டியவரிடம் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து, எப்படி ஸ்டார்ட் செய்வது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.