நீலம் போன பிறகு

டோக்கியோ ரயில் நிலையத்தின் யாயெசு வாசலுக்கு வந்தால், தலைக்கு மேல் பாய்மரம் விரித்ததுபோல ஒரு வெள்ளைக் கூரை. 2013-இல் முடிந்த கட்டுமானம். அந்தத் துணிக் கூரையின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடு பூசியிருக்கிறார்கள். படியும் அழுக்கை வெயில் சிதைக்க, மழை கழுவிவிடுகிறது. நம் வீட்டுச் சுவர் பெயின்டுக்கு வெண்மை தருவதும் இதே பொடிதான். அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றேன்.

இந்த வியப்பு பிறந்ததும் இதே நகரத்தில்தான். 1967-இல் டோக்கியோ பல்கலைக்கழக மாணவர் அகிரா ஃபுஜிஷிமா, தண்ணீருக்குள் இருந்த டைட்டானியம் டை ஆக்சைடு படிகத்தில் ஒளி பட்டதும் குமிழிகள் எழுவதைக் கண்டார். ஆசிரியர் கெனிச்சி ஹோண்டாவோடு அவர் எழுதிய கட்டுரை 1972-இல் 'நேச்சர்' இதழில் வந்தது.

ஈரோட்டிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்திருந்த தம்பி ஒருவர் தன் ஆய்வகத்துக்கு அழைத்துப்போனார். டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடை ஆல்கஹாலில் கலந்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். கரைசல் வெளுத்துக் கூழானது. அதை உலர்த்தி, உலையில் 450 டிகிரியில் சுட்டால் அனட்டேஸ் படிகம் கிடைக்கும். சூடு மிஞ்சினால் துகள்கள் பருத்து, பரப்பு குறைந்து, வீரியமும் போய்விடும். பக்கத்து மூசையில் மெலமைனை 550 டிகிரியில் சுட்டெடுத்த மஞ்சள் பொடி இருந்தது, கார்பன் நைட்ரைடு.

மஞ்சள் எதற்கு? அனட்டேஸில் எலெக்ட்ரானைக் கிளப்ப 3.2 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். அந்த வலு புற ஊதாவுக்குத்தான் உண்டு. வெயிலில் அதன் பங்கு சுமார் 5 சதவீதமே. மஞ்சள் பொடிக்கு 2.7 போதும், கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியையும் அது பிடித்துக்கொள்ளும்.

சோதனைக்கு மெத்திலீன் நீலம் என்ற சாயம். பொடியைப் போட்டதும் விளக்கைப் போடவில்லை. முதலில் அரை மணி நேரம் இருட்டில் கலக்கினார். சாயம் பொடியில் வெறுமனே ஒட்டிக்கொள்வதையும் சிதைவென்று கணக்கில் எழுதிவிடக் கூடாதே! இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. பிறகு விளக்கு. கிளம்பிய எலெக்ட்ரான் ஆக்சிஜனைப் பற்ற, அது விட்டுப்போன துளை தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் தனி உறுப்புகளை உண்டாக்க, அவை சாய மூலக்கூறைக் கடித்துக் குதறுகின்றன. குடுவையில் நீலம் மெல்ல வெளிறி, தண்ணீர் தெளிந்தது. என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன்.

"நிறம் போனதும் சாயம் போயிருச்சுன்னு நெனச்சுறாதீங்ணா" என்றார் தம்பி. நிறம் தரும் பிணைப்பு முறிந்தாலே நீர் தெளிந்துவிடும். நிறமற்ற துண்டுகள் உள்ளேயே கிடக்கலாம். கரிமக் கார்பனின் மொத்த அளவும் இறங்கினால்தான் சாயம் கரியமில வாயுவாகவும் நீராகவும் போய்விட்டதென்று நம்பலாம். இதையே சாயப்பட்டறைக் கழிவில் செய்யப்போனால், அங்கே உப்பு வேறு. உப்பிலுள்ள குளோரைடு அந்தத் தனி உறுப்புகளை விழுங்கிவிடும். அடர்ந்த நிறமோ ஒளியை உள்ளே விடாது. வேலை முடிந்ததும் நுண்பொடியைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுப்பதும் பெரும்பாடு.

நொய்யல் ஆற்றைக் கெடுத்ததற்காக 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்ன திருப்பூர் நமக்குத் தெரியும். ஒளியால் கழிவைச் சுத்திகரிப்பதாகச் சொல்லி யாராவது தெளிந்த தண்ணீரைக் காட்டினால், கொங்கு நாட்டு மக்களே, கார்பன் அளவு எவ்வளவு இறங்கியது என்று கேளுங்கள். உப்பில்லாத ஆய்வக நீரிலா, பட்டறைக் கழிவிலேயே அளந்தீர்களா என்றும் கேளுங்கள்.