இரட்டைச் சூரியோதயம்

பெர்த்திலிருந்து லண்டன் 14,498 கிலோமீட்டர். எங்கும் இறங்காமல் பறந்தால் பதினேழு மணி நேரத்துக்குச் சற்று மேல். 2018 மார்ச்சில் குவாண்டாஸ் இந்தச் சேவையைத் தொடங்கும்வரை ஆஸ்திரேலியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே நிற்காமல் போகும் பயணிகள் விமானமே இல்லை. தம்பி வீட்டில் தங்கிவிட்டு மகளிடம் போக எனக்கு இதுதான் தோதான வழி.

நான் போனது மார்ச் மாதம். விமானம் பெர்த்தில் பொழுது சாய்ந்தபின் கிளம்பி, விடியுமுன் லண்டனில் இறங்கியது. மேற்கே போகப் போக இருட்டும் கூடவே வந்தது. அத்தனை மணி நேரத்தில் ஒருமுறைகூடச் சூரியனைப் பார்க்கவில்லை.

முன் இருக்கையின் முதுகிலிருந்த திரையில் வெகுநேரம் இந்தியப் பெருங்கடல் மட்டுமே தெரிந்தது. பக்கத்தில் எல்லோரும் உறங்கிவிட்டார்கள். எனக்கு அந்தக் கடலை விட்டுக் கண் அகலவில்லை. காரணம், இலங்கையில் காலிக்குத் தென்கிழக்கே உள்ள கொக்கலை ஏரி. அதன் கரையில் நின்றிருக்கிறேன்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஆஸ்திரேலியாவையும் பிரிட்டனையும் இணைத்த வான்வழி அறுந்தது. மறு ஆண்டு அதை ஒட்டவைக்க, பெர்த்தின் சுவான் நதிக்கும் கொக்கலை ஏரிக்கும் இடையே கேட்டலினா என்னும் கடல் விமானங்களைப் பறக்கவிட்டார்கள். ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். என் விமானம் ஏழு மணி நேரத்துக்குள் கடந்துவிடும் தூரம். கேட்டலினாவுக்குக் காற்றைப் பொறுத்து 27 மணி முதல் 32 மணிக்கு மேலும் பிடித்தது. உடலுக்குள்ளேயே கூடுதல் எரிபொருள் தொட்டிகள். அந்தச் சுமைக்குப் பிறகு மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும்தான் இடம். எதிரி விமானங்கள் வரக்கூடிய பகுதியை இருட்டில் தாண்ட வேண்டும். இருக்குமிடம் தெரிந்துவிடும் என்பதால் வானொலியில் வாய் திறக்கக் கூடாது. திசையறியத் திசைமானியும் விண்மீன்களும்தான் துணை. ஐந்து விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயர்களையே வைத்தார்கள்: வேகா, ஆல்டேர், ரைஜெல், ஆன்டாரெஸ், ஸ்பைகா.

ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதித்ததால், பயணிகளுக்கு ‘இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்’ என்று ஒரு சான்றிதழ் தந்தார்கள். 1945 வரை 271 முறை கடந்தும் ஒரு விமானமும் கடலில் விழவில்லை. விமானப் பயண வரலாற்றில் இதைவிடப் பெரிய சாதனை எனக்குத் தெரியவில்லை. போர் முடிந்ததும் அந்த ஐந்தையும் கடலில் மூழ்கடித்தார்கள். கடன் ஒப்பந்தத்தில் அமெரிக்கா கொடுத்தவை, விதி அப்படி. ஒன்றையாவது விட்டுவைத்திருக்கலாம் என்று இப்போதும் மனம் ஆறவில்லை.

வரைபடத்தில் இரண்டு ஊர்களுக்கு இடையே கோடு போட்டுத் தூரம் சொல்லிவிடலாம். போகும் நேரத்தைச் சொல்வது கீழே உள்ள நாடுகளின் கையிலும் இருக்கிறது. 2024 ஏப்ரலில் போர்ப் பதற்றத்தால் ஈரான் வான்வெளியைச் சுற்றிப் போக வேண்டி வந்தது. பெர்த்திலிருந்து லண்டன் கிளம்பும் அதே விமானம் எரிபொருள் போதாமல் சிங்கப்பூரில் இறங்கி நிரப்பிக்கொண்டது. அன்று போர் எந்த ஊரை வழியிலிருந்து எடுத்துவிட்டதோ, அதே ஊரை இன்னொரு பதற்றம் வழியில் கொண்டுவந்து வைத்தது. லண்டனிலிருந்து திரும்பும் விமானத்துக்கு மட்டும் அந்த நிறுத்தம் தேவைப்படவில்லை. மேற்கிலிருந்து வீசும் மேல்வானக் காற்று அதைப் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது.