ரெண்டு பெட்டி... ஒரே தப்பு!

'இன்ஜினீயரிங் படிக்கிற புள்ளதானே... இதையும் பார்த்துக்கப்பா!' இன்டர்ன்ஷிப் போன முதல் நாளே என் தலையில் கட்டிவிட்டார்கள் அந்த வேலையை.

இடம், பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் மீனவர்களிடம் 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரியில் இறால் நல்லாப் படுற இடங்களில் இன்றைக்கு யார் வலை கட்டுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்தப் பழைய கணக்கு நோட்டுகளை ஸ்கேன் செய்து, பெரியவர்களின் பேச்சையும் ரெக்கார்ட் பண்ணி, 'நாஸ்' எனும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியில் வைத்திருந்தோம். அதைப் பக்கத்திலிருக்கும் இன்னொரு பெட்டிக்குத் தினமும் காப்பி செய்ய, பேக்கப் சாஃப்ட்வேரை செட் பண்ண வேண்டும்.

ப்பூ... இவ்வளவுதானா? ராத்திரி 2 மணிக்கு ஓடும்படி டைம் வெச்சேன். 'மிரர்' ஆப்ஷனில் டிக் அடிச்சேன். காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டேன்.

பத்தே நாள். ஒழுங்குபடுத்துறேன் பேர்வழினு ஒரு ஃபோல்டரை டெலீட் பண்ணிட்டேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் உறைச்சது. 'அதான் பேக்கப் இருக்கே' என்று அடுத்த பெட்டியைத் திறந்தால்... அங்கேயும் காலி! மிரர் என்றால் கண்ணாடியாச்சே... இங்கே அழிச்சா அங்கேயும் அழியும். ரீசைக்கிள் பின்? அதை நான் ஆன் பண்ணவே இல்லை.

போனது நாலு பேரின் பேச்சு. மூணு பேரை மறுபடி பேச வைக்கலாம். நாலாவது தாத்தா போன மாசம்தான் தவறிட்டார்.

பயந்துகொண்டே போய் ஆயாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், ''நோட்டு கீதுப்பா. ஒண்ணு இங்க, அதைப் பார்த்து எழுதினது பொன்னேரில பொண்ணு வூட்ல. வெள்ளம் வந்தா ரெண்டு வூடும் ஒண்ணாவா முழுகும்?'' என்றார்.

பளார்னு அறைஞ்ச மாதிரி இருந்தது!

அன்றைக்கே மிரரை எடுத்தேன். அழிச்ச ஃபைலும் பழைய வெர்ஷன்களும் 30 நாள் தங்குற மாதிரி மாத்தினேன். ரெண்டு பெட்டியையும் ஒரே ரூமில் வைத்து முதல் முழு காப்பியை முடித்து, ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பொன்னேரிக்கு பஸ் ஏறினேன். இனி மாறினது மட்டும்தான் போகும். ஸ்லோ நெட்டே போதும். சனிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு ஃபைலைத் திருப்பி எடுத்து, திறக்குதானு பார்க்கிறேன்.

தாத்தாவின் கையெழுத்து இப்போ ரெண்டு ஊரில் பத்திரமா இருக்கு. குரல்தான் எந்தப் பெட்டியிலும் இல்லை.

நீங்க சொல்லுங்க மக்களே... உங்க பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலையாவது திருப்பி எடுத்துப் பார்த்திருக்கீங்களா?