சைப்ரஸ் என்கிற டவுன்ஷிப்

நெய்வேலியில் உட்கார்ந்து 'ஒதெல்லோ'வை வாசித்தால் முதலில் கண்ணில் படுவது கைக்குட்டை இல்லை, ஊர் மாற்றம். முதல் அங்கம் வெனிஸ். அப்பா எதிர்க்கிறார்தான், ஆனாலும் டெஸ்டிமோனா சபையில் நின்று ஒதெல்லோவோடு நடந்த தன் கல்யாணத்துக்காகத் தானே பேசுகிறாள். இரண்டாம் அங்கத்திலிருந்து சைப்ரஸ். கணவனின் வேலைக்காகப் போன இடம். கோட்டை, காவல், சிப்பாய்கள். தாய்வீடு கடலுக்கு அப்பால்.

*

1956-இல் என்.எல்.சி. தொடங்கியபின் இங்கே பிளாக் பிளாக்காகக் குவார்ட்டர்ஸ் எழுந்தன. சொந்தபந்தத்தை விட்டு வந்திறங்கிய பெண்களுக்கு அந்தச் சைப்ரஸ் அந்நியமாக இருந்திருக்காது. நைட் ஷிஃப்டில் இருப்பவன் காதில் கேன்டீனில் யாராவது ஒரு வார்த்தை போட்டால் போதும். ஒதெல்லோ காதில் அப்படிச் சந்தேகத்தைப் போட்ட இயாகோவுக்குப் பெரிய மூளை தேவையில்லை. விசாரிக்க ஆளில்லாத ஊர் போதும். (இலக்கியப் பேராசிரியர்கள் அடிக்க வருவார்கள்.)

*

கைக்குட்டை ஒதெல்லோவின் அம்மாவுடையது. டெஸ்டிமோனாவுக்கு அவன் கொடுத்த முதல் பரிசு. கண்கண்ட சாட்சி வேண்டும் என்கிறான், துணி கிடைக்கிறது. 'கைக்குட்டை எங்கே?' என்று அதட்டுகிறான், ஊரார் முன் அறைகிறான். தன் துணைத்தளபதி காஸியோவின் பெயரைச் சொல்லி அவள்மேல் குற்றம் சாட்டுவதோ கொல்லும் இரவில்தான். அவளைக் கேட்டிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தன் பொருளிடம் யார் விளக்கம் கேட்பார்கள்?

*

எமிலியாவை மறந்துவிடுகிறோம். இயாகோவும் தன் மனைவியைச் சந்தேகிப்பவன், அதுவும் ஒதெல்லோவோடு சேர்த்து. அவள் உண்மையைச் சொன்னதும் குத்திக் கொல்கிறான். ஒரே நாடகத்தில் கணவன் கையால் இரண்டு சாவு.

*

'இரத்தத் திலகம்' படம், 1963, கண்ணதாசன் தயாரிப்பு. கல்லூரி மேடையில் சிவாஜி ஒதெல்லோ, சாவித்திரி டெஸ்டிமோனா. அந்தக் காட்சியில் வசனம் முழுக்க ஆங்கிலம். புரியவில்லை என்று யாரும் எழுந்து போயிருக்க மாட்டார்கள். மனைவியைச் சந்தேகிப்பவன் முகத்துக்கு மொழிபெயர்ப்பு எதற்கு?

*

நம்மிடம் சிலப்பதிகாரத்தின் கானல்வரி இருக்கிறது. புகார்க் கடற்கரை, யாழ், இரண்டு பேர். இயாகோ கிடையாது. கோவலன் பாடியது வேறொருத்தியைப் பற்றி என்று மாதவி நினைக்கிறாள். அவளும் வேறொருவன்மேல் மனம் வைத்தவள்போலப் பாடுகிறாள். அவன் எழுந்து போய்விடுகிறான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது. அவளுக்கு வீடு இருந்தது, அம்மா சித்திராபதி, தோழி வயந்தமாலை, கையில் கலை. ஓலை அனுப்புகிறாள், வாங்க மறுக்கிறான். மதுரை போகும் வழியில் கௌசிகன் என்பவன் கையில் அவளுடைய இன்னோர் ஓலை வருகிறது. அதைப் படித்தபின், தவறு அவளுடையதல்ல, தன்னுடையது என்கிறான். அப்போது மாதவி உயிரோடு இருக்கிறாள்.