பியூஸ் போன டியூப்பும் பன்னிரண்டு வோல்ட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் கிண்ணியாவில் நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் "பெட்டரி டியூப்" என்று சொன்னால் போதும், விளக்கம் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பழைய கார் பெட்டரி, கையளவு பலகையில் ஒரு திரான்சிஸ்டர், கம்பி சுற்றிய ஒரு ஃபெரைட் கோல், சுவரில் ஆணியடித்துக் கட்டிய இரண்டடி டியூப். இவ்வளவுதான். கரண்ட் இல்லாத இரவுகளில் நானும் என் வயதுப் பிள்ளைகள் பலரும் ஓ.எல். படித்தது இதற்குக் கீழேதான். இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் வீட்டில் எரிந்த அந்த டியூப் ஏற்கெனவே பியூஸ் போனது என்று ஒருவர் வீசிய டியூப்.

செத்த டியூப் எப்படி எரியும்? தரம் 11 பிள்ளைகளிடம் இதைக் கேட்டால் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். வீட்டுக் கரண்டில் எரியும் பழைய டியூப் லைட்டின் இரு முனையிலும் மெல்லிய இழை உண்டு. ஸ்டார்ட்டர் முதலில் அந்த இழைகளைச் சூடாக்கும், பிறகு தொடுப்பை விடும். விட்ட கணத்தில் சோக் கொடுக்கும் உதையில் டியூப் பற்றிக்கொள்ளும். ஓர் இழை அறுந்தால் சுற்று பூர்த்தியாகாது, ஸ்டார்ட்டருக்கு வேலை இல்லை. நாம் "டியூப் போய்ட்டு" என்று வேலியோரம் சாத்திவிடுவோம். ஆனால் உள்ளே இருக்கும் வாயு, துளி இரசம், கண்ணாடியில் பூசிய வெள்ளைப் பூச்சு மூன்றும் அப்படியேதான் இருக்கின்றன. பெட்டரிச் சுற்றுக்கு இழை சூடாகத் தேவையில்லை. ஒவ்வொரு முனையிலும் இருக்கும் இரண்டு ஊசிகளையும் ஒன்றாக முறுக்கி ஒரே கம்பியைக் கட்டினால் போதும். பல நூறு வோல்ட் ஒரேயடியாகப் பாயும்போது குளிர்ந்த டியூப்பே எரிந்துவிடும்.

பன்னிரண்டு வோல்ட்டில் பல நூறு வோல்ட் எங்கிருந்து வந்தது என்பதுதான் அடுத்த கேள்வி. அதை எனக்குக் கற்பித்தது எந்த ஆசிரியரும் அல்ல. ரேடியோ திருத்துகிற ஒரு காக்கா. மர்ஹூமாகிவிட்டார். அவர் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. தூண்டல், பின்னூட்டல் என்ற சொற்கள் அவருக்குத் தெரியாது. ஆனால் பழைய ரேடியோவின் ஃபெரைட் கோலில் முதற்சுருள் அறுபது, சின்னச் சுருள் பதின்மூன்று, மெல்லிய கம்பியில் துணைச்சுருள் நானூற்றைம்பது என்று எண்ணி எண்ணிச் சுற்றுவார். நானூற்றைம்பதைச் சுற்றும்போது யாரும் அவரோடு பேசக்கூடாது. ஸலாம் சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுவார்.

இயங்கும் விதம் இப்படி. திரான்சிஸ்டரின் அடிவாய்க்கு ஒரு தடை ஊடாகச் சிறு மின்னோட்டம் போகும். உடனே முதற்சுருளில் ஓட்டம் எழும். அந்த எழுச்சி சின்னச் சுருளில் ஒரு வோல்ட்டளவைத் தூண்டி, அடிவாயை "இன்னும், இன்னும்" என்று தள்ளும். ஓர் எல்லைக்கு மேல் ஓட்டம் கூடாது. கூடாவிட்டால் தூண்டலும் இல்லை, தள்ளவும் ஆளில்லை. திரான்சிஸ்டர் படாரென்று மூடும். காந்தப்புலம் சரியும். அந்தச் சரிவில்தான் துணைச்சுருளில் உயர் அழுத்தம் பிறக்கிறது. இது ஒரு செக்கனில் ஆயிரக்கணக்கான தடவை நடக்கும். 1831 இல் பரடே கண்டதுதான், வேறொன்றும் இல்லை. சின்னச் சுருளின் இரண்டு முனைகளும் மாறிப்போனால் தள்ளுவதற்குப் பதில் தடுக்கும், டியூப் எரியாது. காக்கா அதற்கெல்லாம் யோசிக்கவே மாட்டார். இரண்டு கம்பியையும் மாற்றிப் பற்றவைப்பார், எரியும்.

திரான்சிஸ்டர் 2என் 3055. இரும்புத் தொப்பி போட்டதுபோல் இருக்கும் பெரிய ஆள். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவுக்கு யாராவது போனால் இரண்டு மூன்று சேர்த்து வாங்கிவரச் சொல்வார். அலுமினியத் தகட்டில் முடுக்காவிட்டால் கை வைக்க முடியாத சூடு. அவர் எங்களுக்குப் போட்ட ஒரே கட்டளை: டியூப் இல்லாமல் சுவிட்சைப் போடாதே. ஏன் என்று பின்னாளில் உயர்தரத்தில்தான் விளங்கியது. எழுகிற அழுத்தத்துக்கு இறங்க இடமில்லாவிட்டால் அது திரான்சிஸ்டர் மீதே திரும்பும். அது தாங்குவது அறுபது வோல்ட்தான். ஒரு சத்தமும் இல்லாமல் போய்விடும். அன்றைய விலையில் ஒரு வீட்டின் இரண்டு நாள் மீன்காசு.

1996 இல் மழை பொய்த்து நாடு முழுவதும் மின்வெட்டு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அப்போது நம் மின்சாரத்தில் பெரும்பங்கு நீர்மின்சாரம். வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் மணிக்கூட்டையே முன்னுக்குத் தள்ளிவிட்டது. "புது நேரமா பழைய நேரமா" என்று கேட்காமல் ஒரு கல்யாணத்துக்கும் போக முடியாது. சூரியனைப் பார்த்துத் தொழுகிற எங்களுக்கு மக்ரிபு மட்டும் அதே மக்ரிபுதான். கொழும்புக்காரருக்கு அது ஓர் ஆண்டின் கதை. எங்களுக்கு அப்படியல்ல. கம்பம் விழுந்தாலும் கம்பி அறுந்தாலும் யார் எப்போது வந்து திருத்துவார்கள் என்று சொல்ல முடியாத காலம் அது. வடக்கில் 1990 இலிருந்து மின்சாரமே இல்லாமல் இருந்தார்கள். ஜாம் போத்தலில் துளி எண்ணெய் விட்டுத் திரி வைத்துப் படித்தார்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். பெட்டரியே தடைப்பட்ட பொருளாக இருந்த இடம் அது. நமக்குப் பெட்டரி கிடைத்தது. அந்த வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

ஆனால் கொண்டுபோவது இலேசாக இருக்கவில்லை. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கும்வரை பாதையில்தான் கடந்தோம். சோதனையில் பையைத் திறந்தால் பெட்டரி, கம்பி, சுருள், திரான்சிஸ்டர்! பதினைந்து வயதுப் பையன் ஒருவனின் கையில் இந்தப் பொருட்கள் எப்படித் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள். காக்கா பலகையைத் தனியாக எங்களிடம் தரவே மாட்டார். பெட்டரி, பலகை, டியூப் மூன்றும் ஒன்றாகத்தான் போகவேண்டும். மொழி தெரியாத இடத்தில் விளக்கிச் சொல்ல முடியாது, எரித்துக் காட்டலாம். நான் இரண்டு தடவை எரித்துக் காட்டியிருக்கிறேன். இரண்டாம் தடவை சுற்றி நின்றவர்கள் எல்லாரும், துவக்கு வைத்திருந்தவர் உட்பட, குனிந்து பார்த்தார்கள். டியூப் பற்றிக்கொள்ள ஒரு கணம் எடுத்தது. அந்த ஒரு கணம் எவ்வளவு நீளம் என்று எனக்குத்தான் தெரியும்.

வீட்டில் இன்னொரு சங்கடம் இருந்தது. பலகை வேலை செய்தால் ரேடியோவில் கீச்சென்ற இரைச்சல்தான் கேட்கும், வேறு ஒன்றும் கேட்காது. வாப்பாவுக்கு பி.பி.சி. தமிழோசை கேட்காமல் இரவு முடியாது. எனவே செய்தி நேரத்தில் டியூப் அணையும். நாங்கள் கொப்பியை மூடிவிட்டு இருட்டில் இருந்து, எங்கே என்ன நடந்தது, எத்தனை பேர் என்று கேட்போம். முடிந்ததும் உம்மா சுவிட்சைப் போடுவார். திரும்பவும் கணக்குப் பாடம்.

இன்னொரு நுணுக்கம். மாதக் கணக்கில் எரித்தால் டியூப்பின் ஒரு முனை மங்கிவரும். இந்தச் சுற்றில் ஓட்டம் இரு திசையிலும் சமமாகப் போவதில்லை, இரசம் ஒரு பக்கமாக ஒதுங்கும். காக்காவின் வைத்தியம்: டியூப்பைக் கழற்றித் தலைமாற்றிக் கட்டு. நாலைந்து நாளில் சரியாகிவிடும்.

2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணிநேரம் கரண்ட் வெட்டினார்கள் அல்லவா? மே மாதம் பிள்ளைகளுக்கு ஓ.எல். சோதனை. பெற்றோர் சிலர் "சேர், அந்தப் பெட்டரி டியூப்பைச் செய்து தாங்களேன்" என்று வந்தார்கள். நான் செய்து கொடுக்கவில்லை. பன்னிரண்டு வோல்ட் எல்.ஈ.டி. பட்டி ஒன்றை வாங்கி நேரே பெட்டரியில் கட்டச் சொன்னேன். ஐந்து வாட் போதும், நாற்பது அம்பியர்-மணிப் பெட்டரி பல இரவு தாங்கும், உயர் அழுத்தம் இல்லை, இரசம் இல்லை. வெளிச்சம்தான் வேண்டும் என்றால் இன்றைக்கு டியூப் சுற்றுவது வீண்வேலை. பழையது என்பதற்காக நான் அதைப் புகழ மாட்டேன்.

படிப்பு வேண்டும் என்றால் கதை வேறு. எல்.ஈ.டி. பட்டியைக் கட்டிய பிள்ளை அதிலிருந்து என்ன கற்றது? சிவப்புக் கம்பி, கறுப்புக் கம்பி. பெட்டரி டியூப்பைச் சுற்றிய பிள்ளைக்கு நிலைமாற்றியும் பின்னூட்டலும் அலையமும் கைக்குள் வந்துவிடும். பாடப் புத்தகத்தில் அவை மூன்றும் மனப்பாடம். என் வகுப்பில் தூண்டலுக்கு முழுப்புள்ளி எடுத்த பிள்ளை ஒன்று சுருளைக் கையில் தந்ததும் எந்தக் கம்பியை எதில் கட்டுவது என்று என்னைப் பார்த்தது. பிள்ளையில் பிழையில்லை. சுற்றிப் பார்க்க நாம் எதைக் கொடுத்தோம்?

அதற்கும் காலம் போகிறது. மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023 இல் கூடி, 2027 முடிவோடு டியூப் லைட் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்த முடிவெடுத்தன. நல்ல முடிவு. நம் வேலியோரங்களில் சாத்திக் கிடக்கும் டியூப்களைச் சிறுவர்கள் வாளாக்கி விளையாடுவதைப் பார்க்கிறேன், வயிறு கலங்குகிறது. உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பி ஜன்னலைத் திறந்து வையுங்கள், பத்து நிமிடம் கழித்துத் தடித்த மட்டையால் அள்ளி மூடியுள்ள போத்தலில் போடுங்கள். விளக்குமாறு வேண்டாம். பழுதான சீ.எப்.எல். குமிழின் அடியைத் திறந்து பார்க்கும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை: உள்ளே இருக்கும் கொள்ளளவியில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். கழற்றிவிட்டோம்தானே என்று கை வைக்காதீர்கள்.

இப்போது என் கோரிக்கை. காக்காவின் கடை இருந்த இடத்தில் இன்று போன் கடை. அவர் சுற்றிய பலகை ஒன்றுகூட என்னிடம் இல்லை. கிண்ணியா, மூதூர், தோப்பூர், நகரப் பக்கம் யாருடைய வீட்டுப் பரணிலாவது ஒன்று கிடந்தால் அறியத்தாருங்கள், நானே வந்து எடுக்கிறேன். எரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆய்வுகூட மேசையில் வைத்துப் பிள்ளைகளைக் கொண்டே திருத்துவிக்கலாம் என்றிருக்கிறேன். டியூப் வேண்டாம், பலகை மட்டும் போதும்.